வீட்டுப்பாடம்

1993 செப்டம்பர். பாரிஸுக்குக் கிழக்கே யூரோ டிஸ்னி பூங்கா திறந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பகலெல்லாம் மிக்கி மவுஸ் குழந்தைகளோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த அந்த இடத்தில் ஓர் இரவு ரேவ் பார்ட்டி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ஸ்டூவர்ட் மெக்மில்லன் வந்திருந்தார். 'ஸ்லாம்' என்ற டிஜே ஜோடியில் ஒருவர். 'சோமா' என்றொரு சின்ன இசைத்தட்டு நிறுவனத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் அவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்தார்கள். ஒருவனுக்கு 18 வயது, இன்னொருவனுக்கு 19.

தோமா பங்கால்டர், கீ-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோ. பாரிஸின் கார்னோ பள்ளியில் 1987-ல் சந்தித்த சிநேகிதர்கள். அந்த கேசட்டின் பலனாக அடுத்த வருடம் சோமாவிலிருந்து ஒரு தட்டு வந்தது. மூன்றரை வருடத்தில், 1997 ஜனவரி 20 அன்று, அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'ஹோம்வொர்க்'. வீட்டுப்பாடம்!

பெயரில் விளையாட்டு உண்டு. வீட்டில் செய்த வேலை என்பதால் ஹோம்வொர்க். பங்கால்டரின் அறையில், கையில் இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முழுதும் வீட்டிலேயே செய்தது. 'ஹவுஸ்' என்ற இசை வகையைச் செய்ததாலும் ஹோம்வொர்க். ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது அர்த்தம். இது நிஜமாகவே மாணவர்கள் எழுதிய பாடம். யாரிடம் படித்தோம் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டுப் போகிற ஆல்பம். முதல் ஆல்பத்தில் எல்லோரும் 'நான் யார் தெரியுமா' என்பார்கள். இவர்கள் தங்கள் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

வசவு கொடுத்த பெயர்

அந்த கேசட்டுக்கு முன்னால் இவர்கள் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். லோரான் பிரான்கோவிட்ஸ் என்ற இன்னொரு நண்பரோடு சேர்ந்து மூவர் குழு. பீச் பாய்ஸ் பாட்டு ஒன்றின் தலைப்பான 'டார்லின்' தான் குழுவின் பெயர். 1993-ல் அவர்களுடைய ஒன்றிரண்டு பாட்டுகள் ஒரு தொகுப்புத் தட்டில் வெளியாகி, லண்டனின் 'மெலடி மேக்கர்' வாரப் பத்திரிகை வரை போயின. விமர்சகர் அதை அசட்டு பங்க் இரைச்சல் என்ற பொருளில் ஒரு வரியில் கிழித்துப் போட்டார். டார்லின் கலைந்தது. பிரான்கோவிட்ஸ் பின்னால் 'ஃபீனிக்ஸ்' குழுவில் சேர்ந்து பெயர் வாங்கினார். மற்ற இரண்டு பேரும் அந்த வசவில் இருந்த இரண்டு சொற்களை எடுத்துப் பலகையில் மாட்டிக்கொண்டார்கள்: டாஃப்ட் பங்க்.

விமர்சகர்களின் தொழிலில் இப்படி ஒரு ஆபத்து உண்டு. திட்டுகிறோம் என்று நினைத்து ஞானஸ்நானம் செய்துவைத்துவிடுவோம்.

பங்கால்டரின் பிறந்தநாளுக்கு வந்த பணத்தில் சிந்தசைசரும் சாம்பிளரும் வாங்கினார்கள் என்பார்கள். ஒரு சாதாரண வீட்டுப் பையனுக்கு அப்படிப் பிறந்தநாள் பணம் வராது. இந்தக் கதையில் அடிக்கடி மறக்கப்படுகிற ஆள், அந்த வீட்டின் அப்பா.

அப்பாவின் டிஸ்கோ

தோமாவின் அப்பா டேனியல் வங்கார்ட், எழுபதுகளின் இறுதியில் ஐரோப்பா முழுக்க ஆட வைத்த டிஸ்கோ பாடல்களின் ஆசிரியர், தயாரிப்பாளர். கிப்சன் பிரதர்ஸின் 'கியூபா', ஒட்டாவன் ஜோடியின் 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' எல்லாம் அவர் கைவண்ணம். இந்த இடத்தில் ஒரு சின்ன சுற்றுலா போய் வருவதில் தப்பில்லை. ஒட்டாவனுக்காக அவரும் ழான் க்ளூகரும் எழுதிய 'தே ஓகே' என்ற பிரெஞ்சுப் பாட்டைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். 1982-ல் 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தில் பப்பி லஹிரி போட்ட 'ஜிம்மி ஜிம்மி' அதேதான். அந்த ஜிம்மியை 2007-ல் தன் 'கலா' ஆல்பத்தில் மறுபடி பாடியவர், யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த லண்டன் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. டாஃப்ட் பங்க் வீட்டுக்கும் நமக்கும் இப்படி ஒரு கொல்லைப்புற வழி இருக்கிறது.

அப்பா டிஸ்கோவில் சம்பாதித்துக்கொண்டிருந்த அதே சமயம், 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்தார்கள். ஒரு ரேடியோ அறிவிப்பாளர் ஏற்பாடு செய்த கேளிக்கை. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து புல்தரையை நாசமாக்க, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பின மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் ஆடி வளர்த்த இசை மேல் இருந்த கடுப்பு அதில் எவ்வளவு என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது.

அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-லிருந்தே தட்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். டிஸ்கோ செத்தது என்று ஊர் அறிவித்த பிறகும் அங்கே ஆட்டம் நிற்கவில்லை. புதுத் தட்டுகள் வருவது குறைந்தபோது பழையவற்றையே நீட்டி, வெட்டி, டிரம் மெஷினின் அடியைச் சேர்த்து ஓட்டினார்கள். அந்த கிளப்பின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற பெயரே வந்தது என்பார்கள். தாளம் எளிது. ஒரு சுற்றுக்கு நாலு அடி, நாலும் ஒரே கனம், பெரிய டிரம்மில். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. மெல்ல ஓடும்போது இதயம் துடிக்கிற வேகம்.

டிரம் மெஷின் மாதிரியான அந்தப் பெட்டிகளைச் செய்தது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம். பாஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிதார் கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் 'டி.பி.-303' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பாஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. விற்கவும் இல்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்ட் கடையில் சல்லிசாகக் கிடைத்த அதை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, திருகக்கூடாத குமிழ்களையெல்லாம் திருக, நெளிந்து அலறும் ஒரு சத்தம் வந்தது. 1987-ல் 'ஃபியூச்சர்' என்ற குழு அதை வைத்து ஒரு தட்டுப் போட்டதும் 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது. டிரம்முக்கு வந்த 'டி.ஆர்.-909' பெட்டிக்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

பாரிஸ் பையன்களின் அறைக்கு இவை வந்து சேர்ந்தபோது, அமெரிக்காவில் இந்த இசைக்கு ஒரு தலைமுறை கடந்துவிட்டிருந்தது.

கதவு திறந்து மூடும் சத்தம்

1995-ல் சோமாவிலிருந்து 'டா ஃபங்க்' வந்தது. முதல் பதிப்பு 2,000 தட்டுகள். அப்போது இவர்கள் அமெரிக்க மேற்குக்கரை ஹிப்-ஹாப் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முக்கியமாக வாரன் ஜி-யின் 'ரெகுலேட்'. அந்தச் சோம்பலான நடையை எடுத்து, 303-இன் நெளிவைச் சேர்த்து, மேலே ஒரு முரட்டு சிந்தசைசர் மெட்டை வைத்தார்கள். ஹவுஸ் தட்டுகளுக்கு இது நிதானமான வேகம். கெமிக்கல் பிரதர்ஸ் தங்கள் நிகழ்ச்சிகளில் இதை ஓட்டத் தொடங்கிய பிறகு பேச்சு பரவியது. பெரிய கம்பெனிகள் வாசலுக்கு வந்தன.

இந்தப் பையன்களின் நிஜமான சாமர்த்தியம் தெரிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். 1996-ல் வர்ஜினுடன் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் மூல ஒலிநாடாக்களின் உரிமையைக் கொடுக்கவில்லை. 'டாஃப்ட் டிராக்ஸ்' என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் பேரில் வைத்துக்கொண்டு, வர்ஜினுக்கு வெளியிடும் உரிமையை மட்டும் கொடுத்தார்கள். பாட்டு எப்படி இருக்கவேண்டும், வீடியோவை யார் எடுக்கவேண்டும், தங்கள் முகம் வெளியே வருமா வராதா, எல்லாம் தங்கள் கையில். 21, 22 வயதில் இப்படிப் பேரம் பேசுகிற துணிச்சல் சும்மா வராது. தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்த அப்பா பக்கத்தில் இருந்தார். வேறு எந்த ஊரில் எத்தனை பேர் இதே வயதில் இதைவிட நல்ல பாட்டைக் கொஞ்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்று யோசித்தால் தொண்டை கசக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆல்பம் போடவேண்டும் என்று உட்கார்ந்து செய்ததல்ல இது. தட்டு தட்டாகச் செய்துகொண்டே போனார்கள். நிறையச் சேர்ந்துவிட்டது, ஆல்பமாகவே போட்டுவிடலாம் என்று ஆனது. மொத்தம் 16 துண்டுகள், 74 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் துண்டு 1995 நவம்பரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த நிகழ்ச்சியில் பதிவானது. கடைசித் துண்டு 'டா ஃபங்க்'கின் ஒரு பகுதியைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டியது. ஒரு நிமிடம்கூட இல்லை.

கேட்டால் என்ன கேட்கிறது? முதல் தடவை கேட்பவர்களுக்கு, திரும்பத் திரும்ப ஒரே விஷயம். அது சரிதான். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்தின் வெளியே நின்று கச்சேரி கேட்டுப் பாருங்கள். கதவு சாத்தியிருக்கும்போது தவிலின் அடி மட்டும் சுவரைத் தாண்டி வரும். யாரோ கதவைத் திறந்ததும் நாதஸ்வரமும் ஜாலராவும் மொத்தமாகக் கொட்டும். மறுபடி சாத்தினால் மறுபடி தவில். 'ஃபில்டர்' என்ற கருவி செய்வது இதைத்தான். ஒரு பழைய டிஸ்கோ தட்டிலிருந்து இரண்டு நொடியைக் கிள்ளி, அதைச் சுழல விட்டு, கதவை மெல்லத் திறந்து மெல்லச் சாத்துவார்கள். மெட்டு மாறாது. நீங்கள் நிற்கிற இடம் மாறும். 'இண்டோ சில்வர் கிளப்', 'ஹை ஃபிடெலிட்டி' எல்லாம் இந்த வித்தைதான். இரண்டாவதில் சுக்குநூறாகக் கிடப்பது பில்லி ஜோயலின் ஒரு காதல் பாட்டு. சொன்னாலொழியத் தெரியாது.

எல்லாத் துண்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'ரோலின் அண்ட் ஸ்க்ராட்சின்' ஏழு நிமிடத்துக்கு மேல் இரும்பை இரும்பால் தேய்க்கிற சத்தம். கிளப்பில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, அது வேலை செய்யும். வீட்டு ஹாலில் அதை முழுதாகக் கேட்டு முடித்தவர்களை எனக்குத் தெரியாது. அதற்கு நேர்மாறாக 'ஃப்ரெஷ்' கடலலைச் சத்தத்தோடு தொடங்கி, இந்த ஆல்பத்தில் சூரிய ஒளி விழுகிற ஒரே ஜன்னலாக இருக்கிறது.

மம்மிகளும் எலும்புக்கூடுகளும்

உலகம் இந்த ஆல்பத்தை அறிந்தது 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டால். அந்தத் தலைப்புச் சொற்கள்தான் மொத்தப் பாட்டும். இயந்திரக் குரல் ஏழு நிமிடத்தில் அதை 144 முறை சொல்கிறது. பொறுமையாக உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு நன்றி. குரலை மறந்துவிட்டு அடியில் ஓடும் பாஸைக் கேட்டால், நியூயார்க்கின் 'ஷிக்' குழு 1979-ல் வாசித்திருக்கக்கூடிய ஒன்று அது. ஷிக்கின் கிதார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ் 2013-ல் இவர்களோடு 'கெட் லக்கி'யில் வாசித்தது இந்தக் கடனின் கடைசித் தவணை என்று சொல்லலாம்.

இந்தப் பாட்டுக்கு மிஷேல் கோந்த்ரி எடுத்த வீடியோவைப் பார்க்காமல் பாட்டைப் பற்றிப் பேசுவது கஷ்டம். இசைத்தட்டு மாதிரி ஒரு வட்ட மேடை, அதன் பின்னால் படிக்கட்டு. ஐந்து கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு வாத்தியம். உயரமான உடம்பில் சுண்டைக்காய்த் தலை வைத்த ஆட்கள் பாஸ். பாஸ் மெட்டு மேலே ஏறினால் அவர்களும் படியேறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். எலும்புக்கூடுகள் கிதார். நீச்சலுடைப் பெண்கள் சிந்தசைசர். துணி சுற்றிய மம்மிகள் டிரம். வட்டம் சுற்றி நடக்கிற ரோபோக்கள் அந்தக் குரல். நடன அமைப்பு ஸ்பெயினின் பிளாங்கா லி.

ஒரு வாத்தியம் நின்றால் அந்தக் கூட்டம் நிற்கிறது. திரும்பி வந்தால் ஆட்டம் திரும்புகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் பார்த்து முடித்த பிறகு பாட்டைக் கேட்டால் காதுக்கு ஐந்து கண் முளைத்திருக்கும். ஒரே விஷயம் திரும்ப வருகிறது என்று நினைத்தது தப்பு, ஐந்து விஷயங்கள் வெவ்வேறு இடங்களில் பிரிந்தும் சேர்ந்தும் வருகின்றன என்று புரியும். ஹவுஸ் இசைக்கு இதைவிட நல்ல பாடநூல் இன்றுவரை யாரும் எழுதவில்லை.

'டா ஃபங்க்'குக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோ வேறு ரகம். நாய்த் தலை கொண்ட மனிதன் ஒருவன், காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல், கூடவே அலறுகிற டேப் ரெக்கார்டர். நியூயார்க்கின் இரவில் நொண்டி நொண்டி நடக்கிறான். அவன் ஏன் நாய் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டுச் சத்தத்தால்தான் அவனுக்கு ஒவ்வொரு காரியமும் கெடுகிறது. முகமில்லாத இருவரின் ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடையாது. (உலகம் அறிந்த ரோபோ தலைக்கவசங்கள் இரண்டாவது ஆல்பமான 'டிஸ்கவரி'யோடு, 2001-ல் வந்தவை. 'ஹோம்வொர்க்' காலத்தில் புகைப்படக்காரர்கள் வந்தால் கடையில் விற்கிற மலிவு முகமூடிகளை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.)

இன்னொரு வீடியோவில் போலீஸ் வருகிறது. 1995 ஜனவரியில் பிரான்ஸ் உள்துறை, ரேவ் பார்ட்டிகள் மிக ஆபத்தான கூட்டங்கள் என்ற பொருளில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அனுமதி மறுப்பதும் நடுவில் புகுந்து கலைப்பதும் வழக்கமானது. 'ரெவல்யூஷன் 909' பாட்டின் தொடக்கத்திலேயே சைரன் சத்தம் கேட்கிறது. தலைப்பில் டிரம் மெஷினும் இருக்கிறது, பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன் 9' மேல் ஒரு கண்சிமிட்டலும் இருக்கிறது. ரோமன் கப்போலாவின் வீடியோவில் பார்ட்டியைக் கலைக்க வந்த போலீஸ்காரரின் சட்டைக் காலரில் சாஸ் கறை ஒன்றை ஒரு பெண் பார்த்துவிடுகிறாள். உடனே கதை அந்தக் கறையின் பூர்வீகத்துக்குப் போகிறது. தக்காளி முளைத்து, காய்த்து, லாரியில் ஏறி, கடைக்கு வந்து, சமையலறையில் கொதித்து, செய்முறைக் குறிப்போடு சாஸாகி, அவர் தட்டுக்கு வந்து காலரில் தெறிக்கிறது. அவர் குனிந்து கறையைப் பார்க்கிற நேரத்தில் அவள் ஓடிவிடுகிறாள். அரசாங்கத்தோடு சண்டை போட இப்படியும் ஒரு வழி.

வாத்தியார்களின் வருகைப் பதிவேடு

பிரான்ஸில் மூன்றாம் இடம், பிரிட்டனில் எட்டாம் இடம். ஹவுஸ் பிறந்த அமெரிக்காவில், ஆல்பங்களின் பட்டியலில் 150-ஆவது. கடைசி எண்ணைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2001-க்குள் உலகம் முழுக்க 20 லட்சத்துக்கு மேல் விற்றது. எத்தியென் தெ க்ரெசி, மோட்டார்பாஸ், காசியஸ், ஏர் என்று பாரிஸிலிருந்து வந்த ஒரு வரிசைக்கே 'பிரெஞ்சு டச்' என்று பெயர் விழுந்தது. அவர்களில் சிலர் டாஃப்ட் பங்குக்கு மூத்தவர்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டு எல்லோரையும் அந்த நிழலில் நிற்கவைத்தார்கள். சிகாகோவின் மதிப்பு பாரிஸ் வழியாகப் போய்த்தான் அமெரிக்காவுக்கே திரும்பியது. வெள்ளைக்காரப் பையன்கள், வசதியான வீடு, விவரம் தெரிந்த அப்பா. 909-ஐ அவர்களுக்கு முன்னால் தட்டிப் பழகிய பலருக்கு இதில் ஒன்றும் கிடையாது. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க எனக்கு வழியில்லை. மறுக்கவும் வேண்டாம். ஏனென்றால் அந்தக் கடன் கணக்கு ஆல்பத்துக்குள்ளேயே, ஒன்பதாவது துண்டாக, மூன்று நிமிடத்துக்குள் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

'டீச்சர்ஸ்.' மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தாளம். அதன் மேல் ஒரு குரல், ஒரு நேரம் கட்டைக் குரலாகவும் மறுநேரம் கீச்சுக் குரலாகவும் திரிக்கப்பட்டு, பெயர்களை வாசிக்கிறது. டிஜே ஃபங்க், டிஜே ஸ்னீக், லில் லூயிஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட், டெரிக் கார்ட்டர், ஜார்ஜ் கிளிண்டன், டாக்டர் ட்ரே. பெரும்பாலும் சிகாகோ, டெட்ராய்ட் ஆட்கள். நடுவில் பீச் பாய்ஸின் பிரையன் வில்சன், பள்ளி நாள் குழுவுக்குப் பெயர் தந்த பாட்டுக்காரர். இப்படிப் பெயர் வாசிக்கிற யோசனைகூடச் சொந்தமில்லை. சிகாகோவின் பாரிஸ் மிட்சல் ஏற்கனவே அப்படி ஒரு தட்டுப் போட்டிருந்தார். அவர் பெயரும் பட்டியலில் வருகிறது.

அந்தப் பட்டியலில் இருந்த ரோமாந்தனி நாலு வருடம் கழித்து 'டிஸ்கவரி'யின் 'ஒன் மோர் டைம்' பாட்டில் குரல் கொடுத்தார். டாட் எட்வர்ட்ஸ் அதே ஆல்பத்திலும், பிறகு 2013-ன் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்திலும் இவர்களோடு உட்கார்ந்தார். சிகாகோவில் எடுத்த 'பர்னின்' வீடியோவில் அந்த ஊர் டிஜேக்கள் பார்ட்டி விருந்தாளிகளாக நடமாடுகிறார்கள். பெயர் சொன்னால் போதுமா, பங்கு கொடுத்தார்களா என்று கேட்பவர்களுக்கு இது முழுப் பதில் ஆகாது. பெயர்கூடச் சொல்லாதவர்கள் நிறைந்த தொழிலில் இது சின்ன விஷயமும் ஆகாது.

2021 பிப்ரவரி 22 அன்று எட்டு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு டாஃப்ட் பங்க் கலைந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 'ஹோம்வொர்க்'கின் 25-ஆம் ஆண்டை ஒட்டி, 1997-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவை ஒரே ஒரு முறை இணையத்தில் ஓட்டினார்கள். முகமூடியோ தலைக்கவசமோ இல்லை. இரண்டு இளைஞர்கள் கருவிகள் மேல் குனிந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

பிரிவு அறிவிப்புக்கும் அந்த ஒளிபரப்புக்கும் நடுவில், 2021 ஆகஸ்டில், சிகாகோவில் பால் ஜான்சன் கொரோனாவில் இறந்தார். இளம் வயதிலேயே துப்பாக்கிக் குண்டு பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி முப்பது வருடத்துக்கும் மேல் தட்டுகளை ஓட்டியவர். 'டீச்சர்ஸ்' பட்டியலில் முதல் பெயர் அவருடையது.